வீட்டுப் பல்லி: நம் விளக்கடியில் வாழும் இரவு விலங்கு

மாலை ஏழு மணி தாண்டியதும் வீவக புளோக்கின் நடைபாதையில் விளக்குகள் எரியத் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் சிறு பூச்சிகள் விளக்கைச் சுற்ற வரும். அதற்கும் சற்றுப் பின்னால், மின்பெட்டியின் இடுக்கிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்க்கும். பல்லி தன் வேலையைத் தொடங்கிவிட்டது.

ஜோகூர் பாருவின் கடைவீட்டு அஞ்சடியிலும், கிள்ளானின் தரைவீட்டு வாசலிலும், தோட்டப்புறத்தில் இன்னும் நிற்கும் பழைய லயத்து வீடுகளிலும் இதே காட்சிதான். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மனிதர்கள் தினமும் பார்க்கும் ஊர்வன எது என்று கேட்டால், தயக்கமின்றிச் சொல்லக்கூடிய விடை பல்லி.

ஆனாலும் அதைப் பற்றி நாம் அறிந்தது குறைவு. தமிழர் வீடுகளில் பல்லிக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று, நல்லது கெட்டது சொல்லும் சகுனப் பிராணி. மற்றொன்று, சோற்றில் விழுந்தால் உயிரைக் குடிக்கும் நச்சுப் பிராணி. இந்த இரண்டு முகங்களுக்கும் பின்னால், நம் வீட்டையே காடாகவும் நம் விளக்கையே வேட்டைக்களமாகவும் ஆக்கிக்கொண்ட ஒரு சிறு விலங்கின் வாழ்க்கை இருக்கிறது.

பெயரும் உறவும்

இங்குள்ள வீடுகளில் அதிகம் காணப்படும் பல்லியின் அறிவியல் பெயர் ஹெமிடாக்டைலஸ் ஃப்ரினாட்டஸ். பிரெஞ்சு விலங்கியலாளர்களான டூமெரிலும் பிப்ரோனும் 1836ஆம் ஆண்டில் இதை அறிவியல் உலகிற்கு விவரித்தனர்.

ஹெமிடாக்டைலஸ் என்றால் ‘பாதி விரல்’ என்று பொருள். விரலின் அடியில் உள்ள தகடுகள் நடுவில் இரண்டாகப் பிரிந்திருப்பதால் வந்த பெயர் இது. ஃப்ரினாட்டஸ் என்ற லத்தீன் சொல்லுக்குக் ‘கடிவாளம் பூட்டிய’ என்று பொருள். தலையின் பக்கவாட்டில் ஓடும் கோடு குதிரையின் கடிவாள வாரை நினைவூட்டுகிறது.

மலாய்மொழியில் இதற்குச் ‘சிச்சாக்’ என்று பெயர். அது எழுப்பும் ஒலியே பெயராகிவிட்டது. சுவரில் ஊரும் பல்லியைப் பற்றிய பாட்டைப் பாடாத மலாய்ப் பிள்ளைகள் குறைவு. 2006ஆம் ஆண்டில் மலேசியாவில் வெளியான ‘சிச்சாக் மேன்’ திரைப்படம், பல்லியின் ஆற்றலைப் பெற்ற ஒருவனை நாயகனாக்கியது.

வாலையும் சேர்த்து அளந்தால் வளர்ந்த பல்லி பெரும்பாலும் 15 சென்டிமீட்டரைத் தாண்டாது. அதில் ஏறக்குறைய பாதி வால். பகலில் சாம்பல் அல்லது பழுப்பு நிறத்தில் இருக்கும். இரவில், வெளிச்சத்தில் பார்த்தால் வெளிறி, உடலுக்குள் இருப்பது தெரியும் அளவுக்கு மங்கலாகிவிடும்.

ஒரே சுவரில் நான்கு வகை

சுவரில் இருப்பதெல்லாம் ஒரே பல்லி என்று நினைப்பது இயல்பு. இவ்வட்டாரத்துக் கட்டடங்களில் வெவ்வேறு இனப் பல்லிகள் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன. அவற்றில் நான்கு வகைகளைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் பிரித்தறியலாம்.

முதலாவது, மேலே சொன்ன வீட்டுப் பல்லி. இதன் வாலில் வளையம் வளையமாகச் சிறு முட்கள் போன்ற புடைப்புகள் இருக்கும். ‘சிக் சிக் சிக்’ என்று உரக்கக் கத்துவது பெரும்பாலும் இதுவே.

இரண்டாவது, தட்டைவால் பல்லி. வால் தட்டையாக, ஓரங்களில் சிறு பற்களைப்போல் விளிம்பு கட்டியிருக்கும். உடலின் இருபுறமும் மெல்லிய தோல் மடிப்பு உண்டு. சுவரோடு சுவராக ஒட்டிப் படுத்தால் நிழல்கூட விழாது.

மூன்றாவது, நான்கு நகப் பல்லி. இதன் உள்விரலில் நகம் இராது. தோல் மிக மெல்லியது. பிடித்தால் தோலே கிழிந்து கையோடு வந்துவிடும்.

நான்காவது, முதுகில் வளைந்த கோடுகள் கொண்ட ஒரு சிறு பல்லி. லெப்பிடோடாக்டைலஸ் லுகுப்ரிஸ் என்பது இதன் அறிவியல் பெயர். கடலோரப் பகுதிகளில் இது அதிகம் தென்படும். இந்த இனத்தில் ஏறக்குறைய எல்லாமே பெண். ஆணின் துணையின்றியே முட்டையிட்டு, தன்னைப் போன்ற பெண் குஞ்சுகளைப் பெறுகிறது.

பாதத்தில் பசை இல்லை

பல்லி எப்படிக் கூரையில் தலைகீழாக ஓடுகிறது? பாதத்தில் பசை இருக்கிறது என்பார்கள் சிலர். உறிஞ்சு கிண்ணம் இருக்கிறது என்பார்கள் வேறு சிலர். இரண்டுமே இல்லை.

விரலின் அடியில் உள்ள தகடுகளைப் பெரிதாக்கிப் பார்த்தால், அவை நுண்ணிய மயிர்களால் நிறைந்திருக்கும். பல்லிகளில் பெரியதான தொக்கே பல்லியை அமெரிக்க ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழில் முடிவுகளை வெளியிட்டனர். அதன் ஒரு பாதத்தில் ஏறக்குறைய 5 லட்சம் நுண்மயிர்கள் உள்ளன. ஒவ்வொரு மயிரின் நுனியும் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிகிறது.

அந்த நுனிகள் சுவரின் பரப்பை மிக நெருங்கும்போது, பொருள்களின் மூலக்கூறுகளுக்கு இடையே இயல்பாக உள்ள மிகச் சிறிய ஈர்ப்பு வேலை செய்கிறது. ஒரு நுனிக்கு அது மிகச் சிறிது. லட்சக்கணக்கான நுனிகள் சேரும்போது, பல்லியின் எடையைத் தாங்கி மிஞ்சும் வலிமை வந்துவிடுகிறது. கண்ணாடியிலும் மெருகிட்ட ஓட்டிலும் அது வழுக்காமல் ஓடுவது இதனால்தான். சமையல் சட்டிகளில் பூசப்படும் டெஃப்லான் பரப்பு உலர்ந்திருந்தால் மட்டும் அதன் பிடி தளர்ந்துவிடும்.

ஒட்டுவதைவிட விடுவிப்பது பெரிய வேலை. பல்லி ஒவ்வோர் அடியிலும் விரல் நுனியை மேல்நோக்கி வளைத்து, ஒட்டுப்படத்தை ஓரத்திலிருந்து உரிப்பதுபோல் பாதத்தை எடுக்கிறது. ஓடும்போது இது ஒரு நொடிக்குள் பலமுறை நடக்கிறது.

இமைக்காத கண்

வீட்டுப் பல்லிக்கு அசையும் இமை கிடையாது. கண்ணை மூடியிருப்பது ஒரு தெளிந்த, அசையாத செதில். அதில் தூசி படிந்தால் நாக்கை நீட்டி நக்கித் துடைத்துக்கொள்ளும். சுவரில் இருக்கும் பல்லி தன் கண்ணையே நக்குவதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அது முகம் கழுவுவது போன்ற அன்றாடக் காரியம்.

பகல் வெளிச்சத்தில் கண்மணி செங்குத்தான மெல்லிய கோடாகச் சுருங்கும். இருட்டில் அகலமாக விரியும். பல்லி இனங்களில் ஒன்றான தலைக்கவசப் பல்லியைச் சுவீடன் ஆய்வாளர்கள் சோதித்து 2004ஆம் ஆண்டில் ஒரு முடிவுக்கு வந்தனர். மனிதனுக்கு எல்லாமே சாம்பல் நிறமாகத் தெரியும் மங்கிய நிலவொளியிலும் அதனால் நிறங்களைப் பிரித்தறிய முடிகிறது. நிறம் காண்பதில் அதன் கண், மனிதக் கண்ணைவிட ஏறக்குறைய 350 மடங்கு நுண்மையானது என்று அவர்கள் கணக்கிட்டனர்.

விளக்கடிச் சண்டை

பல்லிகளுக்கு வீட்டில் விலை உயர்ந்த இடம் விளக்கைச் சுற்றியுள்ள சுவர்தான். பூச்சியைத் தேடி அலைய வேண்டியதில்லை. பூச்சியே தேடி வரும். அந்துப்பூச்சி, ஈசல், கொசு, சிறு கரப்பான், எறும்பு, சிலந்தி என்று வாய்க்கு அடங்குவது எதையும் தின்னும். சில நேரங்களில் தன்னைவிடச் சிறிய பல்லியையும் விழுங்கும். மேசையில் சிந்திய சர்க்கரைத் தண்ணீரையும் பழச்சாற்றையும் நக்குவது உண்டு.

நல்ல இடம் என்றால் போட்டியும் உண்டு. பெரிய ஆண் பல்லி விளக்கின் அருகே இடம் பிடித்து மற்ற ஆண்களை விரட்டும். வாலை மெல்ல ஆட்டும், உடலைத் தூக்கிக் காட்டும், கடைசியில் கடிக்கும். சிறியவை வெளிச்சத்தின் விளிம்பில் காத்திருக்கும்.

பல்லி கொசுவைத் தின்னும் என்பது உண்மைதான். ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு ஒன்றும் 1997ஆம் ஆண்டில் அதைப் பதிவு செய்தது. அதற்காக டெங்கிக் கவலையைப் பல்லியிடம் ஒப்படைத்துவிட முடியாது. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் பகலில் கடிப்பது. அந்த நேரத்தில் பல்லி படத்துக்குப் பின்னால் உறங்கிக்கொண்டிருக்கும். பூச்சாடித் தட்டில் தேங்கிய நீரைக் கொட்டும் வேலை நம்முடையதே.

பல்லியும் மற்றவற்றுக்கு உணவாகிறது. வீட்டுப் பூனை அதைத் துரத்தும். பெரிய சிலந்தி குஞ்சுகளைப் பிடிக்கும். வீடுகளுக்குள் எப்போதாவது நுழையும் ஓநாய்ப் பாம்பு என்ற நஞ்சில்லாத சிறு பாம்பு பெரும்பாலும் வருவதே பல்லியைத் தேடித்தான்.

பல்லி சொல்வது என்ன?

பேசிக்கொண்டிருக்கும்போது பல்லி கத்தினால், “பார், பல்லியே சொல்லிவிட்டது” என்பார்கள் பெரியவர்கள். விரலால் தரையைத் தட்டிக் கடவுள் பெயரைச் சொல்பவர்களும் உண்டு. எந்தத் திசையில் கத்தினால் என்ன பலன் என்பதைப் பஞ்சாங்கங்கள் இன்றும் அட்டவணையாக அச்சிடுகின்றன. இந்த நம்பிக்கைக்குக் கௌளி சாத்திரம் என்று பெயர்.

இது நேற்று வந்த பழக்கம் அன்று. நற்றிணை, அகநானூறு, கலித்தொகை ஆகிய சங்க நூல்களிலேயே பல்லியின் குரல் நிமித்தமாகக் கருதப்பட்டதைக் காணலாம். பொருள் தேடிப் பிரிந்து போன தலைவன் திரும்புவானா என்று ஏங்கும் வீட்டில், சுவரிலிருந்து எழும் ஒலி நம்பிக்கை தரும் செய்தியாகிறது. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வணங்க இன்றும் பக்தர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தமிழர் உற்றுக் கேட்ட குரல் அது. அந்தக் குரலைப் பல்லி யாருக்காக எழுப்புகிறது என்பதை அமெரிக்க ஆய்வாளர் மார்செல்லினி 1970களில் ஆராய்ந்தார். வீட்டுப் பல்லிக்கு மூன்று வகைக் குரல்கள் இருப்பதாக அவர் பதிவு செய்தார்.

நாம் அடிக்கடி கேட்கும் தொடர் ‘சிக் சிக் சிக்’ முதல் வகை. ‘இந்த இடம் என்னுடையது’ என்று மற்றப் பல்லிகளுக்குச் சொல்வதில் இதற்குப் பங்கு உண்டு. ஆண்கள் மோதும்போது எழும் கரகரத்த ஒலி இரண்டாம் வகை. பிடிபட்டு அஞ்சும்போது எழும் ஒற்றை ஒலி மூன்றாம் வகை. மொத்தத்தில் பல்லி பேசுவது பல்லியிடம். நாம் அதை ஒட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

விழும் பல்லியும் அதன் வாலும்

பல்லி தலையில் விழுந்தால் இது, தோளில் விழுந்தால் அது என்று பலன் சொல்லும் அட்டவணையும் பஞ்சாங்கத்தில் உண்டு. பல்லி விழுவதே அரிது என்பதால்தான் அது விழும் நேரம் செய்தியாகிறது போலும்.

விழும்போது என்ன நடக்கிறது என்பதை அறிவியலாளர்கள் தட்டைவால் பல்லியை வைத்து 2008ஆம் ஆண்டில் விளக்கினர். தலைகீழாக விழும் பல்லி வாலைச் சுழற்றி, நொடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் உடலைத் திருப்பி, கால்கள் கீழே இருக்கும்படி இறங்குகிறது. வாலற்ற பல்லியால் அப்படித் திரும்ப முடியவில்லை.

அடுத்த ஆய்வு சிங்கப்பூர் மழைக்காட்டிலேயே நடந்தது. மரத்துக்கு மரம் தாவும் தட்டைவால் பல்லிகளை அதிவேகக் கேமராவால் படம் பிடித்தனர். 2021ஆம் ஆண்டில் வெளியான முடிவுகள் வியப்பளித்தன. பல்லி வேகத்தைக் குறைக்காமல் தலையால் மரத்தில் மோதுகிறது. முன்கால்களின் பிடி விடுபட்டு, உடல் பின்னோக்கிச் சாய்கிறது. அப்போது வாலை மரத்தோடு அழுத்தி ஊன்றி, விழாமல் தாங்கிக்கொள்கிறது. வாலை இழந்த பல்லிகள் பெரும்பாலும் பிடி தவறி விழுந்தன.

நம் நடைபாதைச் சுவரில் தட்டையாகப் படுத்திருக்கும் அதே இனம்தான் இது. தண்ணீரின் மேற்பரப்பில் ஓடவும் இதற்குத் தெரியும் என்பது 2018ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வின் முடிவு.

அறுந்த வால்

துடைப்பத்தால் தட்டியதும் வாலை விட்டுவிட்டுப் பல்லி ஓடிவிடும். கீழே கிடக்கும் வால் துள்ளும். தாக்கியது பூனையோ பறவையோ, அதன் கவனம் துள்ளும் வாலில் இருக்கும்போது பல்லி தப்பித்துவிடும்.

வால் எலும்பின் கண்ணிகளுக்குள்ளேயே முறிவதற்கென்று இடங்கள் உள்ளன. தசை சுருங்கியதும் அந்த இடத்தில் வால் கழன்றுவிடும். இரத்தம் அதிகம் போகாது. சில வாரங்களில் புது வால் வளரத் தொடங்கும்.

ஆனால் புது வால் பழைய வால் ஆவதில்லை. அதனுள் எலும்புக்குப் பதில் குருத்தெலும்புக் குழல்தான் இருக்கும். வெளியே முள் வளையங்களும் இராது. வால் கொழுப்பைச் சேமிக்கும் இடமும்கூட. இரை கிடைக்காத நாள்களில் அந்தச் சேமிப்பே பல்லிக்குக் கைகொடுக்கிறது. விளையாட்டாக வாலைத் தட்டிவிடுவது, அதன் சேமிப்பையும் பாதுகாப்பையும் ஒரே அடியில் பறிப்பதற்குச் சமம்.

இரண்டிரண்டாய் முட்டை

விளக்கொளியில் பெண் பல்லியின் வயிற்றை உற்றுப் பார்த்தால், தோலுக்குள் இரண்டு வெள்ளை உருண்டைகள் தெரிவது உண்டு. அவை முட்டைகள். பெரும்பாலும் ஒரு முறைக்கு இரண்டு முட்டைகள். அலமாரியின் பின்புறம், கதவுச் சட்டத்தின் இடுக்கு, பயன்படுத்தாத பெட்டியின் மூலை ஆகியவையே அவற்றின் கூடு. ஒரே இடுக்கில் பல பல்லிகள் முட்டையிடுவதும் உண்டு. முட்டை ஓடு காய்ந்ததும் கடினமாகிவிடும். வெப்பநிலையைப் பொறுத்து ஒன்றரை மாதம் முதல் மூன்று மாதத்துக்குள் குஞ்சு வெளிவரும்.

இவ்வட்டாரத்தின் வெப்பத்தில் முட்டையிடுவதற்குத் தனிப் பருவம் தேவைப்படுவதில்லை. ஜாவாவின் வீட்டுப் பல்லிகளை ஆராய்ந்து 1962ஆம் ஆண்டில் வெளியான கட்டுரை, அவை ஆண்டு முழுதும் இனப்பெருக்கம் செய்வதைக் காட்டியது. ஒரு முறை இணைசேர்ந்த பெண் பல்லி, ஆணின் விந்தணுவை உடலுக்குள் மாதக்கணக்கில் சேமித்துவைத்து அடுத்தடுத்து முட்டையிட வல்லது.

நஞ்சு உண்டா?

வீட்டுப் பல்லியைக் கொல்பவர்கள் சொல்லும் முதல் காரணம் நஞ்சு. பாலில் விழுந்தால் பால் நஞ்சு, சாம்பாரில் விழுந்தால் சாம்பார் நஞ்சு என்ற அச்சம் தலைமுறை தலைமுறையாக வருகிறது.

வீட்டுப் பல்லிக்கு நஞ்சுச் சுரப்பி இல்லை. அதன் பற்கள் மிகச் சிறியவை. அது கடித்தாலும் மனிதத் தோலில் பெரிய காயம் உண்டாகாது. அதன் வாலிலும் நஞ்சு இல்லை, தோலிலும் நஞ்சு இல்லை.

அதற்காக அச்சம் முழுவதும் வெறுங்கதை என்று தள்ளிவிடவும் கூடாது. பல ஊர்வனவற்றைப்போல் பல்லியின் குடலிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். எச்சத்தின் வழியாக அது உணவிலோ பாத்திரத்திலோ சேர்ந்தால் காய்ச்சல், வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு ஆகியவை வரலாம். கைக்குழந்தைகளுக்கும் முதியோருக்கும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் இது கூடுதல் ஆபத்து.

எனவே பல்லி விழுந்த உணவைக் கொட்டிவிடுவது சரியான செயல்தான். காரணம் நஞ்சு அல்ல, கிருமி. காரணத்தைச் சரியாகத் தெரிந்துகொள்வதில் ஒரு பயன் இருக்கிறது. நஞ்சு என்று நம்பினால் பல்லியைக் கொல்லத் தோன்றும். கிருமி என்று தெரிந்தால் பாத்திரத்தை மூடத் தோன்றும். வீட்டைக் காப்பாற்றுவது இரண்டாவதுதான்.

சுவரில் காணும் எச்சத்தின் கருப்புப் பகுதி செரித்த பூச்சிகளின் மிச்சம். நுனியில் உள்ள வெள்ளைப் பகுதி யூரிக் அமிலம். நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் ஊர்வன, சிறுநீரை இப்படிக் கெட்டியாக வெளியேற்றுகின்றன.

கப்பலேறிய பல்லி

தெற்காசியாவும் தென்கிழக்காசியாவும் வீட்டுப் பல்லியின் தாயகம். இன்று அது ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள், அமெரிக்கக் கண்டம், ஆப்பிரிக்கா என்று வெப்பமண்டலம் முழுதும் பரவிவிட்டது. மனிதனின் சரக்கோடு சரக்காகக் கப்பலில் சென்றது. கடினமான ஓடு கொண்ட முட்டை நீண்ட பயணத்தைத் தாங்கும். சேமித்த விந்தணுவோடு ஒரே ஒரு பெண் பல்லி கரையிறங்கினாலும் புதுக் குடியிருப்பைத் தொடங்கிவிடலாம்.

இங்கே சாதுவாகத் தெரியும் பல்லி, சென்ற இடமெல்லாம் சாதுவாக இருக்கவில்லை. ஹவாய்த் தீவுகளுக்கு அது இரண்டாம் உலகப் போர்க் காலத்தை ஒட்டி வந்து சேர்ந்தது. அங்கே கட்டடச் சுவர்களில் வாழ்ந்துவந்த பல்லி, நாம் முன்னர் பார்த்த பெண்கள் மட்டுமே கொண்ட இனம். புதிதாக வந்தது பருமனில் பெரியது, விளக்கடியில் பூச்சிகளை வேகமாகப் பிடிப்பது. விளக்கு எரியும் சுவர்களில் பெண்பல்லி இனத்தின் எண்ணிக்கை சரிந்தது. இதன் காரணங்களை ஆராய்ந்த கட்டுரை 1993ஆம் ஆண்டில் ‘சயன்ஸ்’ இதழில் வெளியானது.

அந்த ஆய்வின் மையம் விளக்கு. வெளிச்சம் பூச்சிகளை ஓரிடத்தில் குவிக்கிறது. குவிந்த இரையை வேகமான வேட்டைக்காரன் வாரிக்கொள்கிறான். மனிதன் ஏற்றிய விளக்கு, பல்லிகளுக்கு இடையிலான போட்டியின் முடிவையே மாற்றியது.

மொரிஷியஸில் பாதிப்பு இன்னும் ஆழமானது. அங்கு வாழும் நாக்டஸ் என்ற சிறிய இரவுப் பல்லிகள், வீட்டுப் பல்லி பரவிய இடங்களிலிருந்து மறைந்தன. இப்போது அவை சுற்றியுள்ள சில குட்டித் தீவுகளில் மட்டும் எஞ்சியுள்ளன.

ஒரு விலங்கு நல்லதா கெட்டதா என்பது அது எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வீட்டுப் பல்லி இந்த மண்ணுக்குரியது. அதை இங்கே ஒழிக்க வேண்டிய தேவை இல்லை. ஆனால் வெளிநாட்டுக்கு வீடு மாறுபவர்கள் மேசை நாற்காலியையும் பெட்டியையும் ஏற்றுமுன் இடுக்குகளை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

வீட்டில் செய்யக்கூடியவை

பல்லியைப் பிடிக்காதவர்களும் இருக்கிறார்கள். அருவருப்பு ஒரு குற்றமல்ல. கொல்லாமலே பல்லியைக் குறைக்க வழிகள் உண்டு.

பல்லி வருவது பூச்சிக்காக, பூச்சி வருவது விளக்குக்காக. சமையலறையிலும் வாசலிலும் தேவையற்ற விளக்கை அணைத்தாலே பல்லியின் வரவு குறையும். சன்னலுக்கு வலை போடலாம். குழாய், கம்பி நுழையும் ஓட்டைகளை அடைக்கலாம்.

உணவை எப்போதும் மூடி வைக்க வேண்டும். கவிழ்க்காமல் வைத்த குவளையையும் தட்டையும் பயன்படுத்துமுன் கழுவ வேண்டும். எச்சத்தைக் காகிதத்தால் எடுத்து, அந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, பிறகு கையைக் கழுவினால் போதும்.

அறைக்குள் வந்த பல்லியை வெளியேற்ற, ஒரு கிண்ணத்தை அதன்மேல் கவிழ்த்து, அடியில் தடித்த அட்டையை நுழைத்து, அப்படியே வெளியே கொண்டுபோய் விடலாம். கையால் பிடிக்க வேண்டாம். வாலும் போகும், சில இனங்களின் தோலும் கிழியும்.

பசை அட்டை வைப்பது மட்டும் வேண்டாம். அதில் ஒட்டிய பல்லி உடனே சாவதில்லை. பசியாலும் நீரின்றியும் மெல்லச் சாகும். ஏற்கெனவே எலிக்கோ கரப்பானுக்கோ வைத்த அட்டையில் பல்லி சிக்கியிருந்தால், இழுக்கக் கூடாது. சமையல் எண்ணெயைச் சில துளிகள் விட்டு, பஞ்சால் மெல்லத் தடவினால் பசை இளகும். விடுவித்ததும் கையைச் சோப்பால் கழுவ வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதை ஒரு பாடமாகவும் ஆக்கலாம். இரவில் நடைபாதை விளக்கின் கீழ் பத்து நிமிடம் நின்றால் போதும். எந்தப் பல்லி விளக்கருகே இடம் பிடித்திருக்கிறது, எது ஓரத்தில் காத்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். உரக்கக் கத்தும் வீட்டுப் பல்லியின் வாலையும் கவனிக்கச் சொல்லலாம். முள் வளையங்கள் நுனிவரை இருந்தால் அது பிறந்தபோது இருந்த வால். பாதியிலிருந்து வழுவழுப்பாக இருந்தால், அந்தப் பல்லி ஏற்கெனவே ஒரு பூனையிடமிருந்தோ ஒரு துடைப்பத்திடமிருந்தோ உயிர் தப்பியது.